தாய்க்குச் சம்பளம்

காலை 7 மணி. அடுப்பில் பால் பொங்கி வந்துகொண்டிருந்தது. அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு, மேடைமேல் கிடந்த செல்போனை எடுத்து விரலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"வேலைக்கு வந்தாச்சு" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் நின்றுகொண்டிருந்தது அவளுடைய சொந்தச் சமையலறையில். வாசற்படியைக்கூட அவள் அன்று இன்னும் தாண்டவில்லை. எந்த வேலைக்கு, எங்கே வந்தாள்?

அக்கா என்று நான் சொல்வது என் பெரியம்மாவின் மகளை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி அமெரிக்கா போனவள். இப்போது அவளும் அத்தானும் அந்த நாட்டுப் பிரஜைகள். 2024-ஆம் வருஷம் செப்டம்பரில் மூன்று வாரம் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரே மகன், அப்போது அவனுக்கு வயது 24. ஆட்டிசம் உள்ளவன். வாய்ப்பேச்சு இல்லை. படங்கள் போட்ட ஒரு பலகையைத் தொட்டுத் தனக்கு வேண்டியதைச் சொல்வான். தண்ணீரில் இறங்கிவிட்டால் அவனைப்போல் சந்தோஷமான மனிதனை நான் கண்டதில்லை. சாலையில் கார் வருவது ஆபத்து என்பது மட்டும் அவனுக்கு இன்றுவரை தெரியாது.

அவனைப் பார்த்துக்கொள்வதற்கு அரசாங்கம் மணிக்கணக்கில் பணம் கொடுக்கிறது. அதில் வாரத்துக்கு 40 மணி நேரம் அக்காவுக்கு. ஆரம்பிக்கும் நேரத்தையும் முடிக்கும் நேரத்தையும் போனில் பதிய வேண்டும். எந்த இடத்திலிருந்து பதிகிறாள் என்பதும் அதிலேயே பதிவாகிவிடும். சில மாநிலங்களில், கூடவே வசிக்கும் குடும்பத்தாருக்கு இதிலிருந்து விலக்கு உண்டாம். அக்காவின் மாநிலத்தில் இல்லை.

விவரம் தெரிந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன இருந்தாலும், பெத்த பிள்ளைக்குச் சோறு போடக் கூலியா அக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அத்தான் பத்திரிகையை மடித்துக் கீழே வைத்தார். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ அம்மாமாரைப் பத்தி எத்தனை கதை எழுதியிருக்கே தம்பி? அதுக்கெல்லாம் பணம் வாங்காமலா எழுதினே?" என்றாள். சொல்லிவிட்டு இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவப் போய்விட்டாள்.

அன்று நான் பதில் சொல்லவில்லை. மூன்று வாரமும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை, தாமதமாகவாவது பதில் தேடும் முயற்சி.

சட்டம் படித்தவனல்ல நான், கதை எழுதுகிறவன். ஆனாலும் அக்காவும் அத்தானும் வைத்திருந்த காகிதக் கட்டுகளைப் பிரித்து, கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஒரு தேசத்தின் மனசாட்சியை அறிய வேண்டுமானால் அதன் மகாகாவியங்களைப் படிப்பதைவிட அதன் விண்ணப்பப் படிவங்களைப் படிப்பதே சுலபமான வழி என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்காவில் ஏழைகளின் வைத்தியச் செலவுக்கென்று மெடிகெய்ட் என்றொரு திட்டம் உண்டு. 1965-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்தது. செலவில் ஒரு பங்கை மத்திய அரசு கொடுக்கும். மீதியை மாநிலம் போட்டு நடத்தும். ஆயுள் முழுவதும் பிறர் துணை தேவைப்படுகிறவர்களுக்கும் காலப்போக்கில் இந்தத் திட்டம் கை கொடுத்தது. ஆனால் எங்கே? ஆஸ்பத்திரியில், பராமரிப்பு விடுதியில், பெரிய பெரிய காப்பகங்களில். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் கிடையாது.

அந்தக் காப்பகங்களின் லட்சணத்தையும் சொல்லவேண்டும். நியூயார்க் நகரத்தின் ஸ்டேட்டன் தீவில் வில்லோபுரூக் என்றொரு அரசாங்கக் காப்பகம் இருந்தது. 4,000 பேருக்கென்று கட்டிய இடம். 1965-இல் ராபர்ட் கென்னடி போய்ப் பார்த்தபோது 6,000 பேர் அடைந்து கிடந்தார்கள். 1972-இல் ஜெரால்டோ ரிவேரா என்ற நிருபர் காமிராவுடன் உள்ளே நுழைந்து, உடுக்கத் துணியில்லாமல் அழுக்கில் முடங்கிக் கிடந்த பிள்ளைகளைத் தேசத்துக்குக் காட்டினார். பார்த்தவர்கள் பதறினார்கள். ஆனால் அந்த இடம் முழுவதும் மூடப்பட்டது 1987-இல்தான். மனிதர்கள் பதறுவதற்கும் கதவுகள் மூடுவதற்கும் இடையே பதினைந்து வருஷம் ஓடிவிடுகிறது.

பிறகு ஒரு சின்னஞ்சிறு பெண் வந்தாள். அயோவா மாநிலத்தைச் சேர்ந்த கேட்டி பெக்கெட். அவளுக்கு ஆட்டிசம் இல்லை. கைக்குழந்தையாக இருந்தபோது மூளைக் காய்ச்சல் வந்து, மூச்சு விடவே இயந்திரத்தின் உதவி தேவைப்பட்டது. 1981-இல் மூன்று வயது. வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்ற நிலை வந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை மெடிகெய்ட் செலவை ஏற்கும். வீட்டுக்குப் போய்விட்டால் பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, உதவி இல்லை என்று கைவிரித்துவிடும். வீட்டில் ஆகும் செலவோ ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு சிறு பகுதிதான். தாயின் மடிக்குக் குழந்தை திரும்ப வேண்டுமானால் தாய் ஓட்டாண்டியாக வேண்டும் என்பது விதி. இந்தக் கதையை ஜனாதிபதி ரீகனே பத்திரிகையாளர்களிடம் எடுத்துச் சொல்லி, விதியைத் தளர்த்த ஏற்பாடு செய்தார். அதே 1981-இல் வந்த ஒரு சட்டமும், காப்பகத்துக்குப் பதிலாக வீட்டிலும் ஊரிலும் வைத்து உதவ மாநிலங்களுக்கு அனுமதி தந்தது. இந்த அனுமதிக்குப் பெயர்தான் வெய்வர். கேட்டி வளர்ந்து, கல்லூரிக்குப் போய், தன்னைப் போன்றவர்களுக்காக வாதாடி, 2012-இல் 34-ஆவது வயதில் இறந்துபோனாள்.

வெய்வர் என்றால் விலக்கு; விதியைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. இந்த வார்த்தையில்தான் என் மனம் சிக்கிக்கொண்டது. விலக்கு என்று ஒன்று இருந்தால் விதி என்று ஒன்று இருக்கவேண்டுமே! இங்கே எது விதி? காப்பகம்தான் விதி. வீடு விதிவிலக்கு. மனிதன் பிறந்த நாளிலிருந்து வீட்டில்தான் இருந்து வருகிறான். காப்பகம் நேற்று வந்தது. ஆனால் சட்டப் புத்தகத்தில் வரிசை தலைகீழாகிவிட்டது. பராமரிப்பு விடுதியில் இடம் கேட்டால், தகுதியுள்ளவருக்கு அதைக் கொடுத்தே தீரவேண்டும். வீட்டிலேயே உதவி கேட்டால், "இத்தனை பேருக்குத்தான் இடம், வரிசையில் நில்லுங்கள்" என்று மாநிலம் சொல்லலாம்.

சொல்கிறது. 2024-ஆம் ஆண்டுக் கணக்கில் அந்தத் தேசம் முழுவதும் சுமார் 7 லட்சம் பேர் இப்படிப்பட்ட வரிசைகளில் பெயர் கொடுத்துக் காத்திருந்தார்கள். அக்கா 2006-இல், பையனுக்கு ஆறு வயதில், பெயர் பதிந்தாள். ஆறு வருஷம் காத்திருந்தாள். அத்தானுக்கு வேறு மாநிலத்தில் வேலை கிடைத்தது. ஒரு மாநிலத்தின் வெய்வர் இன்னொரு மாநிலத்தில் செல்லாது. வரிசையில் பிடித்த இடமும் அப்படியே. புது ஊரில் கடைசி ஆளாகப் போய் நின்றாள். இன்னும் ஒன்பது வருஷம். 2021-இல் கடிதம் வந்தபோது பையனுக்கு மீசை முளைத்து வெகுநாளாகியிருந்தது. அந்தப் பதினைந்து வருஷமும் எந்தப் போனையும் தட்டாமல்தான் அவள் வேலை செய்தாள். அப்போது யாரும் அவளிடம் வந்து, "இவ்வளவு உழைக்கிறாயே, கூலி வேண்டாமா?" என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கூலி வாங்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தர்மம் ஞாபகம் வந்தது.

இன்னொரு பழைய அநியாயத்தையும் இங்கே சொல்லவேண்டும். ஆட்டிசம் என்ற நிலையை 1943-இல் பால்டிமோர் நகரத்து டாக்டர் லியோ கானர் பதினொரு குழந்தைகளை வைத்து விவரித்தார். அதற்குப் பின் வந்த அறிஞர்கள் சிலர் என்ன சொன்னார்கள் தெரியுமா? தாய் அன்பில்லாதவளாக, பனிக்கட்டிபோல் இருந்ததால்தான் குழந்தை இப்படியாகிவிட்டது என்றார்கள். 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய புத்தகம் இந்தக் கருத்தை ஊரெல்லாம் பரப்பியது. பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற மனோதத்துவ அறிஞர், ஆட்டிசமுள்ள ஒரு மகனின் தகப்பன், 1964-இலேயே இது உடலோடு பிறந்த விஷயம், தாயின் குற்றமல்ல என்று எழுதிவிட்டார். உண்மை ஜெயித்தது, ஆனால் அதற்குள் எத்தனை தாய்மார் தங்களையே சபித்துக்கொண்டு தூக்கமில்லாமல் கிடந்திருப்பார்கள்! முதலில், "உன் அன்பு போதாததால் வந்த வினை" என்றது உலகம். பிறகு, "உன் அன்புதானே எல்லாம், பார்த்துக்கொள்" என்று விட்டுவிட்டது. இரண்டு பேச்சிலும் அன்பு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு சமூகம் நழுவிக்கொண்டதைக் கவனியுங்கள்.

இனி, அந்தத் திட்டத்தில் என்னைப் பிரமிக்க வைத்த பகுதிக்கு வருகிறேன். அக்காவுக்குச் சம்பளம் தருவது அரசாங்கத்தின் பணம். ஆனால் காகிதத்தில் எஜமான் யார் தெரியுமோ? மகன்! பேச்சில்லாத அந்தப் பையன்தான் முதலாளி. அம்மா அவனிடம் வேலை பார்க்கிறவள். அவன் சார்பில் கையெழுத்துப் போடுகிறவர் அத்தான். கையெழுத்துப் போடுகிறவரே கூலியும் வாங்கக் கூடாது என்று விதி இருப்பதால் அத்தானுக்குச் சம்பளம் கிடையாது. வரவு செலவுக் கணக்குப் பார்த்துச் சம்பளம் அனுப்ப ஒரு நிறுவனம். பராமரிக்க ஆளை அனுப்பும் கம்பெனியை நம்பாமல், உதவி பெறுகிறவரே ஆளைத் தேர்ந்தெடுத்து, வேலை சொல்லி, பிடிக்காவிட்டால் நிறுத்தியும் விடலாம் என்பது இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. சுயமாக நடத்திக்கொள்வது என்று இதற்குப் பெயர்.

இது அதிகாரிகளின் மூளையில் உதித்ததல்ல. எட் ராபர்ட்ஸ் என்று ஒருவர். இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழே அசைவிழந்தவர். 1962-இல் பெர்க்லி சர்வகலாசாலையில் சேர்ந்தார். 1972-இல் அந்த ஊரிலேயே தோழர்களுடன், ஊனமுற்றோர் சுயமாக வாழ வழி செய்யும் நிலையம் ஒன்றை எழுப்பினார். என்னைத் தூக்கி உட்கார வைக்கிறவன் யார் என்பதை நான்தான் தீர்மானிப்பேன் என்பது அவர்களுடைய கட்சி. 1990-களின் கடைசியில் ஆர்கன்ஸா, நியூஜெர்ஸி, புளோரிடா ஆகிய மூன்று மாநிலங்களில் இதைச் சோதனையாக நடத்திப் பார்த்து, பிறகு மற்ற மாநிலங்களும் கைக்கொண்டன.

ஆனால் பேச்சே இல்லாதவன் எப்படி ஆள் எடுப்பான்? எனக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. அக்கா நடந்ததைச் சொன்னாள். மாலை நேரத்துக்கு ஒரு துணை வேண்டுமென்று மூன்று இளைஞர்களை வரச் சொன்னார்கள். முதலில் வந்தவன் சத்தமாகச் சிரித்துப் பேசினான். பையன் காதைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். இரண்டாவது ஆள் அக்காவிடமும் அத்தானிடமும் மட்டுமே பேசினான். பையன் அங்கே இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மூன்றாவதாக வந்த கல்லூரி மாணவன் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்தான். பையன் தன் வழக்கப்படி சாவிகளை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான். இவனும் ஒரு சாவியை எடுத்து, வைக்கவேண்டிய இடத்தில் வைத்தான். பத்து நிமிஷம் ஆயிற்று. பையன் எழுந்து அந்த மாணவனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், செருப்பு வைக்கும் இடத்தில் நிறுத்தினான். வெளியே போகலாம் வா என்று அர்த்தம்.

"அவன்தான் ஆள் எடுத்தான். நாங்க காகிதத்தை நிரப்பினோம், அவ்வளவுதான்" என்றாள் அக்கா.

இதைக் கேட்டபோது, சுயேச்சை என்பதைப் பற்றி நான் வைத்திருந்த கருத்து கொஞ்சம் ஆட்டங்கண்டது. பேசத் தெரிந்தவனுக்கும் வாதாடத் தெரிந்தவனுக்கும்தான் சித்தம் என்று ஒன்று உண்டு என நாம் நினைக்கிறோம். காதைப் பொத்திக்கொண்டதும் ஒரு தீர்ப்பு. மணிக்கட்டைப் பிடித்ததும் ஒரு தீர்ப்பு. அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். பராமரிப்பு என்பதில் முக்கால்வாசி இந்தப் படிப்புதான்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. அம்மா படிப்பது பிள்ளையின் சித்தத்தையா, தன் ஆசையையா என்று யார் கண்டது? மகனுக்கு வரும் பணம் குடும்பத்தின் வருமானமாகிவிட்டால், அவன் வீட்டைவிட்டு வெளியே தங்கிப் பழகவேண்டும் என்ற நாள் வரும்போது, அந்தப் பணமே அவன் காலைக் கட்டாதா? இந்தச் சந்தேகத்தால்தான் பல காலமாக, சிறு பிள்ளைகளின் பெற்றோருக்குக் கூலி தருவதை அந்தச் சட்டம் பெரும்பாலும் தடுத்து வந்தது; சாதாரணப் பெற்றோர் செய்வதற்கு மேற்பட்ட அசாதாரணமான பணிவிடைக்கு மட்டும் மாநிலம் விரும்பினால் தரலாம் என்று வைத்தது. 2020-இல் கொரோனா வந்து, வேலையாட்கள் வீட்டுக்குள் வரமுடியாமல் போனபோது பல மாநிலங்கள் பெற்றோருக்கும் கூலி தந்தன. நோய் தணிந்த பிறகு சில மாநிலங்கள் அதை நிலைநிறுத்தின, சில நிறுத்தின. இந்தச் சம்பளத்தை என்னவென்று எண்ணுவது என்பதில் சட்டத்துக்கே தடுமாற்றம். போனைத் தட்டும்போது அது கூலி. ஆனால் ஒரே வீட்டில் வசித்துக்கொண்டு வெய்வரின் கீழ்ப் பராமரிக்கிறவருக்கு வரும் பணத்தை வருமானமாகக் கொள்ளத் தேவையில்லை என்று 2014-இல் மத்திய வரி இலாகா அறிவித்தது. கூலிதான், ஆனால் வருமானமில்லை! தாயின் உழைப்பை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல் தவிப்பது நான் மட்டுமல்ல என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

நான் அங்கிருந்தபோது வருஷாந்தர மதிப்பீட்டு நாள் வந்தது. பையன் இன்னும் தகுதியுள்ளவன்தானா என்று ஒவ்வொரு வருஷமும் பார்ப்பார்கள். காப்பகத்தில் வைத்துப் பார்க்கும் அளவுக்கு அவனுக்குத் துணை தேவை என்று நிரூபித்தால்தான் வீட்டில் உதவி. முந்தின நாள் இரவு அக்கா படிவத்தோடு உட்கார்ந்தாள். தனியாகக் குளிப்பானா? தெரியாது. அடுப்புச் சூடு தெரியுமா? தெரியாது. இரவில் எழுந்திருப்பானா? இரண்டு மணிக்கு எழுந்திருப்பான். வருஷமெல்லாம் மகனுக்கு என்னென்ன தெரியும் என்று தேடித் தேடிப் பூரித்த தாய், ஒரு நாள் மட்டும் அவனுக்கு என்னென்ன தெரியாது என்று ஒன்று விடாமல் எழுதவேண்டும். இதைவிடக் கொடிய பரீட்சையை நான் எந்த நாவலிலும் வைத்ததில்லை.

அந்த வருஷம் அவன் ஒன்று கற்றுக்கொண்டிருந்தான். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ள வந்துவிட்டது. ஏழு பொத்தானையும் போட்டு முடித்து, கண்ணாடி முன் நின்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பான். படிவத்தில் அந்தக் கேள்வியும் இருந்தது: தானாக உடை உடுத்துவாரா?

அக்காவின் பேனா நின்றது. அத்தான், "யோசிச்சு எழுது, மணி நேரத்தைக் குறைச்சாலும் குறைப்பாங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அவள் வெகுநேரம் யோசித்தாள். பிறகு எழுதினாள். எழுதியதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள்: "பொத்தான் போடுகிறான். பதினைந்து நிமிஷம் ஆகிறது. அதுவரை பக்கத்தில் ஒருவர் கை நீட்டாமல் பொறுமையாக நிற்கவேண்டும்."

என் கேள்விக்கு விடை அந்த மூன்று வரியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு நிமிஷத்தில் தானே போட்டுவிடலாம். போடாமல் பதினைந்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது வேலை. கடினமான வேலை. அதை அன்பினால்தான் செய்யமுடியும் என்பது மெய். அன்பினால் செய்வதனால் அது வேலையில்லை என்று ஆகிவிடுமா? வயலில் உழைக்கிறவன் மண்ணை நேசிக்கிறான் என்பதற்காக நெல்லுக்கு விலை கொடுக்காமல் எடுத்துக்கொள்கிறோமா? நேசத்துக்கு விலை இல்லை, நேரத்துக்கு உண்டு. அந்த நேரத்தில் அவள் வேறு எங்காவது போய்ச் சம்பாதித்திருப்பாள். தூங்கியாவது இருப்பாள்.

கூலி வாங்கினால் அன்பு மலினப்படும் என்று பயப்படுகிறோம். நான் பார்த்தது வேறு. பிற்பகல் 3 மணிக்கு அவள் மறுபடியும் போனைத் தட்டுவாள். அன்றைய வேலை முடிந்தது. கல்லூரிப் பையன் வந்து மகனை நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போவான். இரவு 2 மணிக்குப் பையன் எழுந்து நடமாடும்போது அவளும் எழுந்து கூடவே நடப்பாள். அந்த நடையை எந்தப் போனும் அறியாது. அரசாங்கம் கொடுத்தது 40 மணி நேரத்துக்கு. வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. மிச்சத்தைக் கணக்குப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்தச் சம்பளத்தை நான் இப்போது வேறு விதமாகப் புரிந்துகொள்கிறேன். "இந்தப் பிள்ளை உனக்கு மட்டும் பிள்ளை அல்ல, எங்களுக்கும் பொறுப்பு உண்டு" என்று ஊர் கொடுக்கும் ஒப்புதல் அது. 1999-இல், ஜார்ஜியா மாநிலத்து இரண்டு பெண்கள் தொடுத்த ஆம்ஸ்டெட் வழக்கில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமும், ஊரோடு வாழக்கூடியவரைக் காரணமின்றி நிறுவனத்தில் அடைத்து வைப்பது பாரபட்சம் என்று தீர்ப்பளித்தது. அந்த இருவரில் ஒருவரான லோயிஸ் கர்ட்டிஸ் பிற்காலத்தில் ஓவியராகி, 2011-இல் வெள்ளை மாளிகைக்குப் போய்த் தம் படம் ஒன்றை ஜனாதிபதி ஒபாமாவிடம் கொடுத்தார். தீர்ப்பு வந்தும் விதி விதியாகவும் வீடு விலக்காகவும்தான் இருக்கின்றன. விலக்காகக் கொடுத்ததை எடுத்துக்கொள்வதும் சுலபம். 2025 ஜூலையில் வந்த ஒரு சட்டம், மெடிகெய்டுக்கு மத்திய அரசு தரும் பணத்தைப் பின்வரும் ஆண்டுகளில் பெருமளவு குறைக்கிறது. கை சுருங்கும்போது மாநிலங்கள் கட்டாயமில்லாததைத்தானே முதலில் தொடும் என்று அக்காவைப் போன்றவர்கள் கலங்குகிறார்கள்.

அவளுடைய பெரிய கலக்கம் அதுவும் அல்ல. ஒரு நாள் இரவு பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு அப்புறம் யாருங்கறதுதான் தம்பி. சம்பளம்னு ஒண்ணு எழுதி வச்சிருந்தா, நான் போன பிறகும் அந்த இடம் காலியா இருக்குன்னாவது தெரியும். யாராவது வருவாங்க. சும்மா செஞ்சிட்டுப் போயிட்டா, இப்படி ஒரு வேலை இருந்ததே யாருக்கும் தெரியாதே!"

தியாகம் என்று நாம் போற்றுவதில் இந்த ஆபத்து இருப்பது எனக்கு அதுவரை தோன்றவில்லை. தியாகம் செய்கிறவரோடு அது எரிந்து போய்விடுகிறது. வேலை என்று பெயர் வைத்தால் அடுத்தவர் வந்து எடுத்துக்கொள்ள ஒரு பிடி இருக்கிறது.

என் கதைகளில் வரும் தாய்மார்கள் ஒருவரும் சம்பளம் வாங்கியதில்லை. பசியோடு படுத்தார்கள், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள், கடைசி அத்தியாயத்தில் செத்தும் போனார்கள். அவர்களுக்கு அப்புறம் அந்தப் பிள்ளைகள் என்னவானார்கள் என்று நான் யோசித்ததில்லை. கதை முடிந்துவிட்டது. பாராட்டிக் கடிதங்கள் வந்தன, சன்மானமும் வந்தது.

இந்தக் கட்டுரைக்கும் வரும். வாங்கிக்கொள்வேன். ஆனால் அடுத்த தடவை ஒரு தாயைப் பற்றி எழுத உட்காரும்போது, அவள் எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்பதை முதலில் கேட்டுக்கொண்டு எழுதுவதாக உத்தேசம்.